எதிரில் நிற்பவரின் வலப்பக்கம்

பிப்ரவரி 8, சனிக்கிழமை. முற்பகலில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கினேன். சுங்கச் சோதனையில் பெட்டி திறக்கப்பட்டது, பின்னர் மூடப்பட்டது. வெள்ளவத்தையில், காலி வீதி என்னும் பெருஞ்சாலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஓர் ஒழுங்கையில் உள்ள விடுதியில் அறை எடுத்தேன். மதிய உணவு: சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, அப்பளம். தண்ணீர்க் குவளை இடப்பக்கம் வைக்கப்பட்டிருந்தது. மாலையில் கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டுக் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தேன். இரவு இடியப்பம். குவளை இடப்பக்கம். மழை இல்லை.

நாட்குறிப்பை நான் இவ்வாறுதான் எழுதுவது வழக்கம். நடந்ததை மட்டும் முதலில் எழுத வேண்டும். அதைப் பற்றிய எண்ணங்களைக் கீழே தனியாக எழுத வேண்டும். கல்வியியல் பேராசிரியராக இருந்த காலம் முழுவதும் மாணவர்களுக்கு நான் கற்பித்த முறை அது. என் குறிப்புகளில் கீழ்ப்பகுதி சென்ற ஆவணியிலிருந்து காலியாக இருக்கிறது.

திருச்சியில் என் மனைவி சாரதா வீட்டு முன்கூடத்தில் பரதம் கற்பித்தாள். நான் அடுத்த அறையில் கல்வியியல் எழுதினேன். இடையில் ஒரு சுவர். நடனம் குறித்து நான் அறிந்தவை யாவும் அந்தச் சுவரைத் தாண்டி வந்தவை: தட்டுக்கழி பலகையில் விழும் ஓசை, ‘தெய்யா தெய்’ என்னும் சொற்கட்டு, ஒரு குழந்தை விசும்பும் ஓசை, அதன்பின் கடலை மிட்டாய் டப்பா திறக்கப்படும் ஓசை.

கொழும்பில் நடன ஆசிரியைகளுக்கு நடைபெறும் பயிற்சி வகுப்பின் இறுதித் தேர்வுக்குத் தேர்வாளராக வர ஒப்புக்கொண்டிருந்தவள் அவள். ஆவணியில் அவள் இறந்தாள். தை பிறந்ததும் வகுப்பின் பொறுப்பாளர் கமலினி தொலைபேசியில் என்னை அழைத்தார்.

“நடனத்துக்கு நான் இருக்கிறன் சேர். மீள்நோக்குக்குத்தான் ஆள் இல்லை. நீங்கள் அதைப் பற்றிப் புத்தகமே எழுதினனீங்கள் எண்டு அக்கா சொன்னவ.”

மீள்நோக்கு என்பது வேறொன்றும் இல்லை. வகுப்பை முடித்த ஆசிரியை, என்ன நடந்தது, ஏன் நடந்தது, அடுத்த முறை என்ன செய்வேன் என்ற மூன்று கேள்விகளுக்குத் தானே விடை சொல்ல வேண்டும். கற்பித்தலுக்குக் கமலினி மதிப்பெண் இடுவார். மீள்நோக்குக்கு நான் இட வேண்டும். இரண்டிலும் தேறினால்தான் சான்றிதழ். ஒப்புக்கொண்டேன். சாரதாவின் தட்டுக்கழியையும் பலகையையும் தகுதியான ஒருவரிடம் ஒப்படைக்கவும் இது நல்ல வாய்ப்பு என்று கருதினேன்.

புறப்படும்போது மகன் கேட்டான்: “அப்பா, நீங்க திரும்பி வர்றதுக்குள்ள சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிற நாற்காலிய மாடிக்கு ஏத்திடவா? கொஞ்சம் இடம் கிடைக்கும்.”

“வந்து நானே செய்கிறேன்” என்றேன்.

கட்டுநாயக்கவில் பெட்டி ஏன் திறக்கப்பட்டது என்பதை இங்கே விளக்கலாம். ஊடுகதிர்ப் படத்தில் கழியும் பலகையும் ஐயத்திற்கு இடமளிக்கும் வடிவில் தெரிந்தனவாம். தமிழ் பேசும் அதிகாரி ஒருவர் வரவழைக்கப்பட்டார்.

“இது என்ன?”

“தட்டுக்கழி.”

“எதைத் தட்டுறது?”

“பலகையை.”

“ஆர் தட்டுறது?”

“என் மனைவி.”

“அவ எங்க?”

“வரவில்லை.”

அவர் கழியை முகர்ந்து பார்த்தார். பிறகு, “தட்டிக் காட்டுங்கோ” என்றார். முழுக்கைச் சட்டையின் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, சுங்க மேசையில் பலகையை வைத்து, “தெய்யா தெய்” என்று சொல்லித் தட்டினேன். வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதிகாரி தலையை ஒருபக்கம் சாய்த்துக் கேட்டார். “என்ட மகளும் படிக்கிறா. உங்கட தாளம் கொஞ்சம் முந்துது” என்று கூறிப் பெட்டியை மூடினார்.

மாலையில் தேர்வு நடக்கவிருந்த மண்டபங்களுள் ஒன்றைப் பார்க்கக் கமலினி என்னைக் கொட்டாஞ்சேனைக்கு அழைத்துப் போனார். அறுபதைக் கடந்தவர், விறைப்பான பருத்திப் புடவை, நடக்கும்போதும் முதுகெலும்பு கம்பம்போல் நின்றது. முச்சக்கர வண்டி ஓட்டுநருக்குத் தமிழ் தெரியாது. கமலினி அவருடன் சிங்களத்தில் நலம் விசாரித்துவிட்டு, வழியை மட்டும், பேச்சின் வேகத்தில், தமிழிலேயே சொன்னார்.

“வலப்பக்கம் திருப்புங்கோ!” என்றார். அவருடைய இடக்கை இடப்பக்கமாக, விரல் நுனிவரை அழகாக, நீண்டது.

ஓட்டுநர் கையைப் பார்த்தார். இடப்பக்கம் திரும்பினார். ஒழுங்கை முடிந்தது, தண்டவாளம் வந்தது, அதற்கப்பால் கடல் வந்தது. மேலே செல்ல வழியில்லை.

கமலினி சிங்களத்தில் அவரைக் கடிந்துகொண்டார். ஓட்டுநர் அமைதியாகச் சொன்ன மறுமொழியைக் கமலினியே எனக்கு மொழிபெயர்த்தார்: “மிஸ்ஸின் கை கடலைக் காட்டியது. நான் கடலுக்கு வந்தேன்.”

இந்த நிகழ்ச்சி மேலும் இருமுறை நடந்தது. கடைசியில் மறுபடியும் கடலே வந்தபோது கமலினி இறங்கி மூவருக்கும் கடலைச் சுண்டல் வாங்கினார். ஓட்டுநர் அதைத் தின்றபடி சூரியன் மறைவதை ஆர்வமாகப் பார்த்தார். திருச்சி ஆட்டோவில் இவ்வகைக் குழப்பத்துக்கு இடமில்லை. அங்கே ஓட்டுநர் பயணியிடம் வழி கேட்பதில்லை; அவர் போகும் இடத்துக்கு நாம் போகிறோம்.

எனக்கு வியப்பு ஏற்படவில்லை. சாரதாவும் அப்படித்தான். ஆசிரியை பிள்ளைகளுக்கு முகம் காட்டி நிற்கிறாள். ‘வலது’ என்று சொல்லும்போது, அவர்கள் பார்த்துச் செய்வதற்காகத் தன் இடக்கையை நீட்டுகிறாள். பல்லாண்டு அப்படிச் செய்தவர்களுக்கு வாய் ஒரு திசையிலும் கை எதிர்த்திசையிலும் நிலைபெற்றுவிடுகின்றன. சாரதாவை அருகில் அமர்த்திக் கார் ஓட்டியபோதெல்லாம் நான் காதை மட்டும் நம்பினேன். இதைக் கமலினியிடம் சொல்ல நினைத்தேன். அறிமுகமான முதல் நாளிலேயே சொல்வது முறையாகாது என்று சுண்டலைத் தின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில் தேர்வு. காலையில் விடுதியில் மீண்டும் இடியப்பம், சொதி, சம்பல். எங்கள் ஊரில் இடியப்பம் எப்போதாவது வரும் விருந்தாளி. இங்கே அது குடியிருப்பவர். குவளை இடப்பக்கம் இருந்தது. என் கை வலப்பக்கம் போய் மேசை விரிப்பைத் தொட்டுத் திரும்பியது.

மண்டபத்தில் ஆசிரியைகள் ஒவ்வொருவராகச் சிறு பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்தார்கள். வகுப்புகள் நன்றாகவே நடந்தன. மீள்நோக்குத்தான் சிக்கலாயிற்று.

முதலாமவர் சொன்னார்: “வகுப்பு நல்லாப் போச்சு சேர். ஏனெண்டால் நான் நல்லாப் படிப்பிச்சனான். அடுத்த முறையும் இப்பிடித்தான்.” மூன்று கேள்விகளுக்கும் விடை வந்துவிட்டதால் மறுப்பதற்கு எனக்கு வழியில்லை.

இரண்டாமவர் தவறுகளைத் தாராளமாக ஒப்புக்கொண்டார். ஆனால் அவை யாவும் மின்விசிறியின் தவறுகள். சில, வாசலில் கைபேசியுடன் நின்ற ஒரு தாயின் தவறுகள்.

மூன்றாமவர் எழுந்து நின்றார். கண்கள் மெல்லத் தாழ்ந்தன. புருவம் நெகிழ்ந்தது. கீழுதடு நடுங்கியது. ஒரு கை நெஞ்சை நோக்கிப் போய், பாதி வழியில், தகுதியற்றதுபோல் நின்றது. ஒரு சொல்லும் இல்லை. மண்டபம் உறைந்துபோயிற்று, பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். முடிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள்.

“எந்தத் தவறுக்காக இவ்வளவு வருந்துகிறீர்கள்?” என்று கேட்டேன்.

முகம் உடனே தெளிந்தது. “அது இன்னும் யோசிக்கேல்லை சேர்.”

கல்வியியலில் இதற்கு விடை இல்லை. கணித ஆசிரியர் வருந்துவதுபோல் நடித்தால் கண்டுபிடித்துவிடலாம். முகத்தில் ஒன்பது சுவைகளையும் வரவழைக்கப் பயின்றவர்களிடம் தேர்வாளர் என்ன செய்வார்? இடைவேளையில் ஓர் ஆசிரியை கமலினியிடம் தணிந்த குரலில் கேட்டது என் காதில் விழுந்தது: “சேருக்கு என்ன கோவமே? முகத்தில ஒண்டும் இல்லையே?”

“அது அவரின்ட முகம்” என்றார் கமலினி. “அப்பிடித்தான் இருக்கும்.”

தேநீர் வந்தது. உடன் பணிஸ்கள், எங்கள் ஊர் பன்கள், வந்தன. “மூண்டு மூலை இருந்தால் மீன் சேர், தொடாதேங்கோ” என்று கமலினி எச்சரித்தார். சைவ உணவுக்காரனுக்கு வடிவியல் இவ்வளவு பயன்பட்டதை நான் எங்கும் கண்டதில்லை. வட்டமான ஒன்றை எடுத்துக்கொண்டேன். அப்போதுதான் அவர் ஜெசிந்தாவைப் பற்றிச் சொன்னார்.

“நாளைக்குக் கொட்டாஞ்சேனையில ஒராள்தான். கோயில் மண்டபத்தில கனகாலமாப் படிப்பிக்கிறவ. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில நடன டீச்சர் வேலை நிரந்தரமாக்க இந்தச் சேர்ட்டிபிகேட் வேணும். போன வருசம் மீள்நோக்கில ‘ஒரு பிழையும் இல்லை’ எண்டு சொல்லிப் போட்டு இருந்திட்டா. ஃபெயில். இந்த முறையும் எண்டால் பள்ளிக்கூடம் வேற ஆளை எடுக்கும்.”

“அவர் வகுப்பில் பிழை இருந்ததா?”

“ஆருக்குச் சேர் பிழை இல்லை?” என்றார் கமலினி. தன்னைச் சேர்த்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

திங்கட்கிழமை ரயிலில் கோட்டை நிலையத்துக்குப் போய், அங்கிருந்து பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். ரயிலின் ஒரு பக்கம் அலுவலகம் செல்வோர் வாசலில் தொங்கினார்கள். மறுபக்கம் கடல் தொங்கியது. ஜன்னலோரத்தில் இருந்த பெரியவர் ஒருவர், என் மடியில் கழியும் பலகையும் இருந்த பொதியைப் பார்த்து, நிலம் அளப்பவரா என்று விசாரித்தார். கமலினி மண்டபத்திலிருந்து கைபேசியில் வழி சொல்லிக்கொண்டே இருந்தார். கை தெரியாததால் வழி சரியாக இருந்தது.

மாதா கோயில் மண்டபம் துறைமுகத்துக்குச் செல்லும் லாரிகளின் இரைச்சலுக்கு நடுவே இருந்தது. கிறிஸ்துமஸ் குடிலில் வைத்த சாந்து ஒட்டகம் ஒன்று இன்னும் மூலையில் நின்றது. அதன் கழுத்தில் யாரோ குடையை மாட்டியிருந்தார்கள். முந்தின நாள் தேர்வுக்கு வந்தவர்களும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள்.

ஜெசிந்தா ஐம்பது வயதிருக்கும் குள்ளமான பெண்மணி. கழுத்தில் சிறு சிலுவை. அவருடைய தமிழ், கமலினியின் தமிழைவிட என் காதுக்குப் பழகியதாக இருந்தது.

“வாங்க சேர். டீ குடிச்சிட்டு ஃபெயிலாக்குறீங்களா, ஃபெயிலாக்கிட்டுக் குடிக்கிறீங்களா?”

“முதலில் வகுப்பைப் பார்ப்போம்” என்றேன்.

அவர் பிள்ளைகளுக்கு முகம் காட்டி நின்று நாட்டடவு கற்பித்தார். அரைமண்டியில் அமர்ந்து, கையையும் காலையும் பக்கவாட்டில் நீட்டி மீட்கும் அடவு அது. பிள்ளைகள் அனைவரும் ஒருசேர வலப்பக்கம் நீண்டார்கள்; ஒருசேர மீண்டார்கள். கமலினியின் பேனா நிறைவாக அசைந்தது. பிறகு அவர் தாளில் இருந்த அடுத்த வரியை வாசித்தார்.

“இப்ப திரும்பி, பிள்ளையளுக்கு முதுகு காட்டி முன்னால நிண்டு செய்து காட்டுங்கோ டீச்சர்.”

ஜெசிந்தாவின் முகம் மாறியது. அது நடிப்பன்று. திரும்பினார். “ரைட்டு!” என்றார். அவருடைய இடக்காலும் இடக்கையும் இடப்பக்கம் நீண்டன.

பிள்ளைகளில் ஒரு பாதி டீச்சரின் வாய்க்குக் கீழ்ப்படிந்தது. மறுபாதி காலுக்குக் கீழ்ப்படிந்தது. நீட்டிய கைகள் பக்கத்து மூக்குகளைச் சந்தித்தன. ஒரு சிறுமி தன் தோழியை முற்றிலுமாகக் கட்டியணைத்தாள். கடைக்கோடியில் நின்றவள் ஒட்டகத்தின்மேல் சாய்ந்தாள். குடை விழுந்தது, உடன் ஒட்டகத்தின் ஒரு காதும் விழுந்தது.

“டீச்சர், எந்த ரைட்டு?” என்று ஒருத்தி கத்தினாள். “உங்கட ரைட்டா, எங்கட ரைட்டா?”

மூக்குகள் சரிபார்க்கப்பட்டு, காது ஒரு கைக்குட்டையில் பத்திரப்படுத்தப்பட்டதும், ஜெசிந்தா என் முன் வந்து நின்றார். என்ன நடந்தது என்று கேட்டேன்.

“ஒரு பிழையும்…” என்று தொடங்கி, ஒட்டகத்தைப் பார்த்து நிறுத்தினார். “லெஃப்டுல போயிட்டேன் சேர்.”

“ஏன் நடந்தது?”

தன் இரண்டு கைகளையும் மாறிமாறிப் பார்த்தார்.

“இத்தன வருசத்துல நான் புள்ளைங்களுக்கு முதுகு காட்டினதில்ல சேர். முகத்தப் பார்த்துத்தான் சொல்லிக் குடுப்பேன். புள்ளைங்கட வலது எனக்குத் தெரியும். என்ட வலது எதுன்னு மறந்து போச்சு. போன வருசமே தெரியும். சொன்னா வேலை போயிரும்னு பயந்து வாய மூடிக்கிட்டேன். மூடினதாலதான் போச்சு.”

“அடுத்த முறை என்ன செய்வீர்கள்?”

“வீட்டுல அவருக்கு முதுகு காட்டி நின்னு பழகுறேன். ரெண்டு நாளா அதான் செய்றேன். என்ன கோவம்னு கேட்டுக்கிட்டே இருக்காரு.”

நான் என் மதிப்பெண்ணை எழுதினேன். முழு மதிப்பெண், என் வாழ்நாளில் அதுவே முதல் முறை.

கமலினி என் பக்கம் குனிந்தார். “உங்கட பக்கம் சரி சேர். என்ட பக்கம் எப்பிடிப் போடுறது? வலது இடது தெரியாத டீச்சரைப் பாஸ் பண்ணலாமே? நாளைக்கு ஆரும் கேட்டால்?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஜெசிந்தா தரையைப் பார்த்து நின்றார். நான் எழுந்து, ஒரு சிறு சோதனைக்கு அனுமதி கேட்டேன். அங்கிருந்த ஆசிரியைகள் அனைவரும், கமலினி உட்பட, ஒட்டகத்தை நோக்கி வரிசையாக நிற்க வேண்டும். வலப்பக்கத்து நாட்டடவை ஒருமுறை செய்ய வேண்டும்.

“நானுமே?” என்றார் கமலினி.

“தங்களை முன்னிட்டுத்தான்.”

பொதியைப் பிரித்துப் பலகையைத் தரையில் வைத்து, அதன் எதிரே அமர்ந்தேன். அமர்வதற்குச் சிறிது நேரம் ஆயிற்று. சுவருக்கு அப்பாலிருந்து கேட்டு மனப்பாடமான சொற்களை, சுவர் இல்லாமல், ஆடுபவர்களுக்காக முதன்முறையாகச் சொன்னேன்: “தெய்யும் தத்த தெய்யும் தா!” கழி பலகையில் விழுந்தது. தாளம் முந்தியிருக்கலாம்.

இன்னும் மேடையேறி ஆடிவரும் இளைய ஆசிரியை ஒருவர் மட்டும் வலப்பக்கம் நீண்டார். மற்றவர்கள், மேடையை விட்டுப் பிள்ளைகள்முன் நிற்கத் தொடங்கி நெடுங்காலம் ஆனவர்கள், இடப்பக்கம் நீண்டார்கள். இளையவரின் கை அடுத்தவரின் கொண்டையைத் தாக்கியது. முந்தின நாள் மௌனமாக வருந்தியவர் “ஆ!” என்றார், இம்முறை காரணம் இருந்தது. வரிசையின் கடைசியில் கமலினி, முதுகெலும்பு கம்பம்போல் நிற்க, குறையே சொல்ல முடியாத ஓர் இடது நாட்டடவில் உறைந்திருந்தார். நீட்டிய தன் கையை, யாரோ விட்டுச்சென்ற குடையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

பிள்ளைகள் தரையில் உருண்டு சிரித்தார்கள். “கமலினி டீச்சர், எந்த ரைட்டு?”

கமலினி கையை மெதுவாக மடக்கினார். மேசைக்கு வந்தார். பேனாவைத் திறந்தார்.

“அப்ப அண்டைக்கு அந்தத் த்ரீவீல்காரன் சொன்னது…” என்றார்.

“ஆம்.”

“சேர், இதைச் சனிக்கிழமையே சொல்லியிருக்கலாம்.”

“சனிக்கிழமை சுண்டல் தின்றுகொண்டிருந்தோம்.”

அவர் சிரிக்கவில்லை. “இது ஜெசிந்தாவின்ட பிழை இல்லை. நாங்கள் திரும்பி நிக்கப் பழக்கேல்லை. அடுத்த வருசம் முதல் பாடமே அதுதான். நானும் வகுப்பில நிப்பன்” என்று சொல்லித் தன் மதிப்பெண்ணை எழுதி, தாளை ஜெசிந்தாவின் பக்கம் திருப்பி வைத்தார். ஜெசிந்தா அதை வாசித்தார். இரண்டாம் முறை வாசித்தார். பிறகு சிலுவையை எடுத்துக் கடித்துக்கொண்டார்.

தேநீர் ஜெசிந்தாவின் வீட்டில். மண்டபத்துக்குப் பின்னால் இரண்டு அறைகள். துறைமுகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற அவருடைய கணவர் என்னை வரவேற்றார்.

“பாஸா சேர்? அப்ப இனிமே எனக்கு முகத்தக் காட்டுவாவா?”

“இன்னும் பழகணும்” என்றார் ஜெசிந்தா. “பேசாம இருங்க.”

நான் கழியையும் பலகையையும் மேசையில் வைத்து, வந்த காரணத்தைச் சொன்னேன். ஜெசிந்தா பலகையைத் தடவிப் பார்த்தார். தேய்ந்து குழிந்த இடத்தில் அவருடைய விரல் நின்றது.

“என்ட பலகை வெடிச்சுத்தான் கிடக்கு சேர். இத நான் எடுத்துக்கிறேன். கழி எங்கிட்ட இருக்கு. நல்ல கழி. அத நீங்க கொண்டு போங்க.”

பிறகு மேசைக்கு எதிரே அமர்ந்து, ஒரு துண்டு லவ் கேக்கும் ஒரு பிளேன் டீயும் என் பக்கம் நகர்த்தினார். அவருடைய இடக்கை கோப்பையைத் தள்ளியது. கணவருடன் பேசிக்கொண்டிருந்த நான் பார்க்காமலே வலக்கையை நீட்டினேன். கோப்பை அங்கே இருந்தது.

எங்கள் வீட்டில் தண்ணீர்க் குவளை எப்போதும் அங்கேதான் இருந்தது. சாரதா எதிர் நாற்காலியில் அமர்ந்து பரிமாறினாள். தன் குவளையை எங்கு வைத்தோம் என்று நாள்தோறும் தேடுவாள். என் குவளையை வைப்பதற்கு அவள் பார்த்ததேயில்லை. அதை நான் பழக்கம் என்று எண்ணியிருந்தேன். யாருடைய பழக்கம் என்று எண்ணியதில்லை.

“என்ன சேர், சூடா?” என்றார் ஜெசிந்தாவின் கணவர்.

“இல்லை” என்றேன். “சரியாக இருக்கிறது.”

ஜெசிந்தா என் முகத்தைப் பார்த்தார். சீனிக் கிண்ணத்தையும் அதே பக்கம் நகர்த்தி வைத்தார்.

பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. காலையில் இடியப்பம். கமலினி வழியனுப்ப வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓட்டுநருக்கு வழி சொன்னார். கட்டுநாயக்கவில் கழி மட்டும் சோதிக்கப்பட்டது. பலகை இல்லாததால் மேசையிலேயே தட்டிக் காட்டினேன். தாளம் சரியாக இருந்தது. மழை.

செய்யாமல் விட்டவை:

ஒட்டகத்தின் காதை ஒட்டிக் கொடுப்பது. (காது கைக்குட்டையுடன் என் சட்டைப்பையில் திருச்சிக்கு வந்துவிட்டது.)

என் நூலின் அடுத்த பதிப்புக்கு, நன்றாக வருந்தத் தெரிந்தவர்களை மதிப்பிடுவது குறித்து ஓர் அத்தியாயம்.

தட்டுக்கழியை ஒப்படைப்பது.

எதிர் நாற்காலியை மாடிக்கு ஏற்றுவது.